காத்திருக்கும் கடவுள்: பால் டேவிட் தேவநந்தனின் வாழ்வும் தேடலும்

முடிவைப் பற்றிப் பேசாத சமயம் இல்லை. கலியுகத்தின் இறுதியில் தோன்றவிருக்கும் கல்கியைப் பற்றியும், அதன்பின் மீண்டும் மலரப்போகும் கிருதயுகத்தைப் பற்றியும் நம் புராணங்கள் விரிவாகக் கூறுகின்றன. ஆனால் கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள். அதில் கழிந்திருப்பதோ ஐயாயிரத்துச் சொச்சம். எனவே கல்கி வரும் குதிரையின் குளம்பொலிக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் இந்து எவரும் இல்லை. பிரளயமும் நமக்கு ஓர் இடைநிறுத்தமே. ஒடுங்கியது மறுபடியும் விரியும்.

கிறிஸ்தவ சமயத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே காலம் சக்கரம் அன்று. ஒரே திசையில் பாயும் ஆறு. அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. விண்ணகம் சென்ற ஏசுநாதர் மீண்டும் வருவார், மனிதகுலத்துக்குத் தீர்ப்பு வழங்குவார், பழைய உலகம் மறைந்து புதியது தோன்றும் என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. முதல் தலைமுறை அடியார்கள் தங்கள் வாழ்நாளிலேயே அது நிகழும் என்று நம்பினர். தெசலோனிக்கே நகரில் சிலர், நாளையே முடிவு வரப்போகிறதென்று தொழிலைக் கைவிட்டு உட்கார்ந்துவிட, உழைத்து உண்ணுமாறு பவுல் அவர்களைக் கண்டிக்க வேண்டியிருந்தது. ஆண்டுகள் கடந்தன, முதல் அடியார்கள் ஒவ்வொருவராக மறைந்தனர், அவர் வரவில்லை. எங்கே உங்கள் ஆண்டவர் என்று அயலார் ஏளனம் செய்தனர். அந்த ஏளனத்துக்கு விடையாகவே, பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபத்தில் ஒரு போதனை இடம்பெற்றது. இறைவனின் காலக்கணக்கு மனிதனின் காலக்கணக்கு அன்று. தாமதம் போலத் தோன்றுவது உண்மையில் அவனது பொறுமை. ஒருவரும் கெட்டழிந்துபோகக் கூடாது என்பதற்காகவே அவன் காத்திருக்கிறான் என்பது அதன் சாரம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை நீடிய பொறுமை என்ற அழகிய சொல்லால் குறிப்பர்.

இந்தப் பொறுமையை மனிதர்கள் பலமுறை இழந்திருக்கிறார்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் போதகரின் கணக்கை நம்பியவர்கள் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் வானத்தை நோக்கிக் காத்திருந்து ஏமாந்தனர். நம் பக்கத்திலும் அத்தகைய நிகழ்ச்சி உண்டு. தமிழ் அந்தணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்பவரின் வாக்கை ஏற்று, திருவிதாங்கூரில் ஒரு கூட்டத்தார் 1881-இல் ஆண்டவர் வருவார் என்று எதிர்பார்த்தனர். குறித்த நாள் வெறுமனே கழிந்தது. அதன்பின் அவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையாகப் பிரிந்தனர்.

நாள் குறிப்பவர்கள் எப்போதும் சிலரே. ஆனால் நாள் குறிக்காதவர்களுக்கும் இந்தப் போதனை ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. இறைவன் பொறுமையோடு காத்திருக்கிறான் என்றால், அந்த இடைக்காலத்தில் பிற சமயத்தாரின் நிலை என்ன? அவர்களுடைய வேதங்களும் கோவில்களும் தவங்களும் இறுதி நாளில் சாம்பலாகவேண்டியவை மட்டுந்தானா? அல்லது அவற்றுக்குள்ளும் அவன் ஏதேனும் செய்துகொண்டிருக்கிறானா? இந்தக் கேள்வியைச் சுமந்து, பெங்களூருவில் அமர்ந்து இந்து சமயத்தை ஆண்டுக்கணக்கில் கற்று, அதற்கொரு விடையைத் தேடிய தமிழர் பால் டேவிட் தேவநந்தன்.

சென்னையிலிருந்து யேல் வரை

தேவநந்தன் 1901-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஹைதராபாத் நிஜாம் கல்லூரியிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சிறிது காலம் யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பணி புரிந்தார்.

அவரது வாழ்வைத் திசைதிருப்பியவர் கே.டி. பால். சேலத்தில் 1876-இல் பிறந்த பால், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளர். கிராமப் புனரமைப்புப் பணியில் முன்னோடி. 1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மாநாட்டில் பங்கேற்றவர். கிறிஸ்தவராக இருப்பதற்கும் இந்தியராக இருப்பதற்கும் இடையே எந்த முரண்பாடும் இல்லை என்பதை வாழ்ந்து காட்டியவர்களுள் அவர் ஒருவர். 1924-இல் அமெரிக்கா சென்றபோது இளைஞர் தேவநந்தனைத் தம் செயலாளராக உடன் அழைத்துச் சென்றார். தேவநந்தன் அங்கேயே தங்கி, கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரிலுள்ள பசிஃபிக் இறையியல் கல்லூரியிலும், பிறகு யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1931-இல் யேல் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் மாயை. ஒரு கிறிஸ்தவ மாணவர், கடல் கடந்து சென்று, வேதாந்தத்தின் மிக நுட்பமான கோட்பாட்டை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. ரிக்வேதத்தில் தேவர்களின் அற்புத ஆற்றலைக் குறித்த அச்சொல், உபநிடதங்களின் வழியாகக் கௌடபாதரையும் சங்கரரையும் அடைந்து எவ்வாறு பொருள் மாறியது, இராமானுஜர் அதை எவ்வாறு மறுத்தார், நவீன சிந்தனையாளர்கள் அதற்கு எவ்வாறு புத்துரை கூறினர் என்பதை அவர் படிப்படியாக ஆராய்ந்தார். இந்த ஆய்வு செம்மை பெற்று 1950-இல் லண்டனில் நூலாக வெளிவந்தது.

அவர் மனத்தில் இருந்த சிக்கல் காலத்தைப் பற்றியது. உலகம் மாயை என்றால் வரலாறும் மாயை. வரலாறு மாயை என்றால் அதன் முடிவுக்காகக் காத்திருப்பதில் பொருள் இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கையோ முழுவதும் வரலாற்றின்மேல் நிற்பது. எனவே அத்வைதம் வரலாற்றின் மெய்ம்மையைக் குறைக்கிறது என்பதே அவருடைய முதன்மையான மறுப்பாக இருந்தது.

அத்வைதம் கற்றவர்கள் இதனை அப்படியே ஏற்கமாட்டார்கள். மித்யை என்பது இல்லாதது என்று பொருள்படாது. முயற்கொம்பு வேறு, கயிற்றில் தோன்றும் பாம்பு வேறு. வியாவகாரிக நிலையில் உலகுக்கும் கர்மத்துக்கும் தர்மத்துக்கும் முழு மதிப்பு உண்டு என்பதைச் சங்கரர் எங்கும் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அக்காலத்துச் சமயப் பிரசாரகர் பலர் மாயை என்ற சொல்லைக் கேலிக்குரிய பொருளாகவே கையாண்டனர். தேவநந்தன் அதைக் கேலி செய்யவில்லை. மூல நூல்களைத் தேடிக் கற்று, உரையாசிரியர்களின் வேறுபாடுகளை உணர்ந்து, அதன்பின்னரே மறுத்தார். மறுப்பதற்காகவேனும் முழுவதும் கற்றல் என்பது நம் பூர்வபக்ஷ மரபும்கூட.

மில்லர்ஸ் சாலையில் பதினேழு ஆண்டுகள்

தாயகம் திரும்பிய தேவநந்தன் 1930-களின் தொடக்கத்தில் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் தத்துவம், சமயங்கள் ஆகிய துறைகளின் பேராசிரியரானார். பல்வேறு சபைகள் இணைந்து 1910-இல் தொடங்கிய கல்லூரி அது. பெங்களூரு தண்டுப் பகுதியில், மில்லர்ஸ் சாலையில் அமைந்துள்ள அதன் வளாகத்திலிருந்து சற்று தூரத்திலேயே தமிழர்கள் நிறைந்த தெருக்கள். ஊர் கன்னட நாடு, தெருவில் கேட்பது தமிழ், வகுப்பில் ஆங்கிலம், பாடமோ உபநிடதம். வருங்காலக் குருமார்களுக்கு இந்து சமயத்தைக் கற்பிப்பது அவரது பணி. ஏறத்தாழ 17 ஆண்டுகள் இதைச் செய்தார்.

அந்த ஆண்டுகளில்தான் கிறிஸ்தவ உலகைப் பிளந்த ஒரு விவாதம் சென்னை அருகே நடந்தது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்காக ஹாலந்து நாட்டு அறிஞர் ஹெண்ட்ரிக் க்ரேமர் ஒரு பெரிய நூலை எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்ட இறைவெளிப்பாட்டுக்கும் மனிதர்கள் படைத்த சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி ஏதும் இல்லை என்பது அதன் வாதம். இதை எதிர்த்துச் சென்னையிலேயே ஒரு குழு எழுந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதில் முக்கியமானவர்கள். இந்து மரபில் பிறந்து கிறிஸ்துவை ஏற்ற அவர்கள், தங்கள் முன்னோரின் ஆன்மிகச் செல்வத்தை இருள் என்று ஒதுக்க மறுத்தனர்.

தேவநந்தன் எந்தப் பக்கம் நின்றார்? இன்று அவரைச் சமய உரையாடலின் முன்னோடி என்று போற்றுபவர்கள் சற்று வியப்படையக்கூடும். தொடக்கத்தில் அவரைப் பெரிதும் ஈர்த்தவர் க்ரேமரே. மனிதனின் முயற்சி வேறு, இறைவனின் செயல் வேறு என்ற கண்டிப்பான பிரிவு அவருக்கு நேர்மையானதாகத் தோன்றியது. எல்லாம் ஒன்றே என்று மேலோட்டமாகச் சொல்லி வேறுபாடுகளை மூடிமறைப்பதை அவர் என்றுமே விரும்பியதில்லை. ஆனால் அவர் க்ரேமரிடமே நின்றுவிடவும் இல்லை. அவரை நகர்த்தியது வேறொரு நூல் அன்று. கண்முன்னே மாறிக்கொண்டிருந்த நாடு.

இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1949-இல் தேவநந்தன் கல்லூரியை விட்டு ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக டில்லி சென்றார். நூலகத்தில் படித்த இந்து சமயத்தை அங்கே அவர் தெருவில் கண்டார். பிரிவினையின் அகதிகள், முதற் பொதுத் தேர்தல், ஐந்தாண்டுத் திட்டங்கள், ஊர் ஊராக நடந்து நிலம் கேட்ட வினோபா. வரலாற்றைப் பொருட்படுத்தாத சமயம் என்று தாம் எழுதிய அதே மரபின் மக்கள், வரலாற்றைத் தங்கள் கைகளால் மாற்ற முற்பட்டிருந்தனர். தம் ஐம்பதாம் வயதைக் கடந்த பின்பு, 1950-களில், அவர் தென்னிந்தியத் திருச்சபையின் குருவாக அருட்பொழிவு பெற்றார்.

புதிய நிறுவனம், புதிய பார்வை

கிறிஸ்தவர்களுக்கு அது சஞ்சலமான காலமும்கூட. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம், தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளித்தது. ஆனால் மதமாற்றம் குறித்த கசப்பு பல இடங்களில் வளர்ந்து வந்தது. மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு 1956-இல் தன் அறிக்கையை வெளியிட்டு, வெளிநாட்டு மிஷனரிப் பணிகளைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தச் சூழ்நிலையில் கிறிஸ்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது: மதிலுக்குள் ஒதுங்கி முடிவை எதிர்பார்த்திருப்பது, அல்லது வெளியே வந்து அண்டை வீட்டாருடன் பேசுவது.

1957-இல் பெங்களூருவில் சமயம்-சமுதாயம் பற்றிய ஆய்வுக்கான கிறிஸ்தவ நிறுவனம் தொடங்கப்பட்டபோது தேவநந்தன் அதன் முதல் இயக்குநரானார். மறுபடியும் மில்லர்ஸ் சாலை. அவருக்குத் துணையாக வந்தவர் கேரளத்து மார்த்தோமா சபையைச் சேர்ந்த எம்.எம். தாமஸ். முறையான இறையியல் பட்டம் ஏதும் இல்லாமலே உலகப் புகழ்பெற்ற இறையியலாளராகி, பிற்காலத்தில் 1990 முதல் 1992 வரை நாகாலாந்து ஆளுநராகவும் இருந்தவர். ஒருவர் சமயத்தின் உள்ளே பார்த்தார், மற்றவர் சமுதாயத்தைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து நாட்டு நிர்மாணத்தில் கிறிஸ்தவர்களின் பங்கு, ஜனநாயகம், மாறிவரும் குடும்ப அமைப்பு என்று நூல்களை வெளியிட்டனர்.

இந்நிறுவனத்தின் ஆர்வம் எவ்வளவு அகன்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1960-இல் தேவநந்தன் திராவிடர் கழகத்தைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார். கடவுள் மறுப்பு இயக்கம் ஒன்றை ஒரு குருவானவர் ஆராயவேண்டிய அவசியம் என்ன? மக்களின் உள்ளத்தில் எழும் சமத்துவ வேட்கை எந்த வடிவில் வந்தாலும் அதைப் புரிந்துகொள்ளாமல் சமயத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று அவர் கருதினார்.

இந்து சமயத்தை ஆராய அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். எந்தச் சமயத்திலும் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன: கோட்பாடு, வழிபாடு, பண்பாடு. நவீன இந்தியாவில் இவை மூன்றும் ஒரே வேகத்தில் மாறவில்லை என்பதை அவர் கவனித்தார். வழிபாடு பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. பண்பாடோ வேகமாக மாறுகிறது. தீண்டாமை சட்டப்படி ஒழிந்தது, பெண்கள் கல்வி பெறுகிறார்கள், தனிமனிதனுக்கு அவன் மனிதன் என்பதாலேயே மதிப்பு உண்டு என்ற எண்ணம் வேரூன்றுகிறது. இந்தப் புதிய மனித மதிப்புகளைத் தாங்கி நிற்கும் கோட்பாடு எது? அதையே இந்து சிந்தனையாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு.

சுவாமி விவேகானந்தர் ஏழை நாராயணரின் சேவையை வேதாந்தத்தின்மீது நிறுவியதையும், காந்தியடிகள் கீதையிலிருந்து அநாசக்தி யோகத்தைச் சமூகப் பணிக்குரிய நெறியாக எடுத்ததையும், டாக்டர் ராதாகிருஷ்ணன் மாயைக்குப் புத்துரை கூறி உலகின் மெய்ம்மையை வலியுறுத்தியதையும் எண்ணிப் பார்த்தால் தேவநந்தனின் கணிப்பு எதைப் பற்றியது என்பது விளங்கும். சுவாமிஜியின் வழியில் நிற்பவர்கள், இது புதிதாகத் தேடப்பட்டதன்று, உபநிடதங்களிலேயே உறைந்திருந்தது என்று சொல்வார்கள். அவர் அதை ஒரு புது முளையாகக் கண்டார். நாம் அதைப் பழைய மரத்தின் துளிராகக் காண்கிறோம். ஆனால் அந்த முளையை அவர் எதிரியின் தந்திரமாகவோ, கிறிஸ்தவத்திலிருந்து திருடிய சரக்காகவோ பார்க்கவில்லை என்பதே முக்கியம். இறைவனே இந்து சமயத்தின் உள்ளிருந்து செயல்படுகிறான் என்று அவர் கருதத் தொடங்கினார். பேராசிரியராக இருந்தபோது க்ரேமரின் கோட்டைத் தாண்டத் தயங்கியவருக்கு இது மிகப் பெரிய மாற்றம்.

முடிவு என்பது என்ன?

இந்த இடத்தில்தான் இறுதிக் காலம் பற்றிய பழைய போதனை அவருக்குப் புதிய பொருளில் துலங்கியது.

முடிவைப் பற்றி அப்போது கிறிஸ்தவ உலகில் பெரும் கருத்து வேறுபாடு நிலவியது. 1954-இல் அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் இரண்டாம் பேரவை, உலகின் நம்பிக்கை கிறிஸ்துவே என்பதைத் தன் பொருளாகக் கொண்டிருந்தது. இரண்டு உலகப் போர்களின் இடிபாடுகளிலிருந்து வந்த ஐரோப்பியர் பலருக்கு நம்பிக்கை என்பது வரலாற்றுக்கு அப்பால் இருந்தது. ஆண்டவரின் வருகை ஒன்றே கதி என்றனர். செழிப்பில் இருந்த அமெரிக்கர் பலருக்கு அந்தப் பேச்சு அந்நியமாகப் பட்டது. இவ்வுலகில் செய்யவேண்டிய சீர்திருத்தமே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது.

தேவநந்தனின் சிந்தனை இவ்விரண்டிலும் அடங்கவில்லை. புதிய படைப்பு என்ற கருத்தை அவர் பற்றிக்கொண்டார். செஞ்சையாவும் முன்னர் வலியுறுத்திய கருத்துதான் அது. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோடு புதிய படைப்பு தொடங்கிவிட்டது. அது முழுமை அடையப்போவது காலத்தின் நிறைவில். தொடக்கத்துக்கும் நிறைவுக்கும் இடைப்பட்ட இந்தக் காலம் வெறும் காத்திருப்பு மண்டபம் அன்று. அதற்குள் இறைவன் உழைத்துக்கொண்டிருக்கிறான். திருச்சபைக்குள் மட்டும் அன்று. நாட்டின் விடுதலையில், மனிதர்களின் நீதி வேட்கையில், பிற சமயங்களின் மறுமலர்ச்சியில்.

இப்படிப் பார்த்தால் இறைவனின் பொறுமை என்ற சொல்லே பொருள் மாறிவிடுகிறது. தண்டனையை ஒத்திவைத்திருக்கும் நீதிபதியின் அவகாசமாக அது முன்னர் இருந்தது. அந்த அவகாசத்தில் இயன்றவரை பலரை இழுத்து மீட்கவேண்டும் என்ற பதற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள் பலரை ஆட்டிவைத்தது. தேவநந்தனிடம் அப்பொறுமை, மண்ணுக்குள் விதை என்ன செய்கிறதென்று அறிந்த உழவனின் பொறுமையாகிறது. உழவன் முளையைப் பிடித்து இழுப்பதில்லை. மனிதர்களும் அங்கே அவசரப்பட இயலாது. பிறர் சமயத்தில் இறைவன் என்ன செய்கிறான் என்பதை அறிய அவர்களிடம் போய்க் கேட்கவேண்டும், அவர்கள் சொல்வதைச் செவிமடுக்கவேண்டும். உரையாடல் என்பது அவருக்கு நாகரிகமோ அரசியல் தந்திரமோ அன்று. முடிவை நம்புகிறவன் அம்முடிவு வரும்வரை செய்யவேண்டிய கடமை அது.

1961-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் டில்லி விஞ்ஞான் பவனில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் மூன்றாம் பேரவை தொடங்கியது. ஆசிய மண்ணில் அப்பேரவை கூடியது அதுவே முதன்முறை. ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை உறுப்பினராகச் சேர்ந்ததும் அங்கேதான். பிரதமர் நேருவும் வந்து உரையாற்றினார். சாட்சி கூற அழைக்கப்பட்டமை பற்றிப் பேசும் பொறுப்பு தேவநந்தனுக்கு அளிக்கப்பட்டிருந்தது.

பிற சமயங்கள் முற்றாக மறைந்துபோவதே நற்செய்தி அறிவிப்பின் இலக்காக இருக்கவேண்டுமா என்ற கேள்வியை அவர் அந்தப் பேரவையின் முன் வைத்தார். காலம் நிறைவுறும்போது சமயங்களும் தேசங்களும் இப்போதுள்ள வடிவிலேயே நிலைக்குமா என்பதையும் கேட்டார். அதற்கு விடை தமக்குத் தெரிந்ததுபோல அவர் நடிக்கவில்லை. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கூறும் நம்பிக்கையை மட்டும் சுட்டினார்: விண்ணிலும் மண்ணிலும் உள்ள யாவும் இறுதியில் கிறிஸ்துவுக்குள் ஒன்று சேர்க்கப்படும் என்பது அது. ஒன்று சேர்ப்பவன் எதை வைத்துக்கொள்வான், எதைக் கழிப்பான் என்பது அவனுடைய உரிமை. அதை முன்கூட்டியே தீர்மானிக்க எந்த மிஷனரிக்கும் அதிகாரம் இல்லை.

இதைக் கேட்டு எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. பிற சமயங்களில் இறைவனின் செயலைக் காண்பது நற்செய்தியின் கூர்மையை மழுக்கிவிடும் என்று கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் அஞ்சினர். மறுபுறம், இந்துக்களுக்கும் ஒரு நியாயமான நெருடல் உண்டு. எல்லாம் கடைசியில் கிறிஸ்துவுக்குள் சேரும் என்றால், அது இன்னொரு வகையான விழுங்குதல் ஆகாதா? எல்லா நதிகளும் ஒரே கடலை அடைகின்றன என்று நாம் சொல்லும்போது, அந்தக் கடலுக்கு அவர் ஒரு பெயர் சூட்டிவிடுகிறார் அல்லவா? இந்த நெருடலை மறைப்பதில் பயன் இல்லை. தேவநந்தன் கடைசி மூச்சுவரை கிறிஸ்துவுக்குச் சாட்சி பகர்வதைத் தம் கடமையாகவே கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டவர் போல அவரைச் சித்திரிப்பது அவருக்குச் செய்யும் அநீதி. ஆனால் நாமும் பிறருடைய கடலுக்கு பிரம்மம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம் என்று ஒரு கிறிஸ்தவர் திருப்பிக் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே. இத்தகைய கேள்விகளை இரு தரப்பாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்கவேண்டும் என்பதற்காகவே பெங்களூரு நிறுவனம் இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் ஒன்றாக அமர்த்தும் சந்திப்புகளை நடத்தியது.

பயணத்தின் நடுவே

டில்லிப் பேரவை முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1962 ஆகஸ்டு மாதத்தில் வட இந்தியப் பயணத்தில் இருந்தபோது, டேராடூனில், தேவநந்தன் மாரடைப்பால் திடீரென்று காலமானார். அவருக்கு வயது 61. தம் வாழ்வின் மிகத் தெளிவான சிந்தனைகளை அவர் எட்டியது கடைசி ஐந்து ஆண்டுகளில்தான். மறுமலர்ச்சி பெறும் இந்து சமயத்தையும் நற்செய்தியையும் பற்றிய அவரது நூல் 1959-இலும், இந்து சமயத்தின்பால் கிறிஸ்தவர் கொள்ளவேண்டிய அக்கறை பற்றிய நூல் 1961-இலும் வெளிவந்திருந்தன. முழுமையான ஓர் இறையியல் நூலை எழுத அவருக்கு அவகாசம் கிட்டவில்லை. மாயையைப் பற்றி இளமையில் எழுதியதைப் பிற்காலத் தெளிவின் ஒளியில் விரிவாகத் திருத்தி எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வேதாந்த மாணவர்கள் ஆவலோடு எண்ணிப் பார்க்கலாம்.

மில்லர்ஸ் சாலை நிறுவனத்தின் பொறுப்பை எம்.எம். தாமஸ் ஏற்று 1970-களின் நடுப்பகுதிவரை நடத்தினார். தேவநந்தனின் அருளுரைகள் 1963-இல் தொகுக்கப்பட்டன. பர்வதங்களை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் பக்தனைப் பற்றிய சங்கீதத்திலிருந்து அத்தொகுப்பு தன் தலைப்பைப் பெற்றது. அடுத்த ஆண்டு, சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளைச் சேர்த்து இன்னொரு நூலைப் பெங்களூரு நிறுவனம் வெளியிட்டது. உரையாடலுக்கான ஆயத்தம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள்.